சின்னம் மாறிற்று, சிந்தை?

சிவந்த நிறக் கேடயம் ஒன்று. அதன் குறுக்கே கூரை முகடு போன்றதொரு வெள்ளைப் பட்டை. பட்டையின் மீது மூன்று கரிய பீப்பாய்கள். பட்டைக்கு மேலும் கீழும், இரண்டிரண்டாகக் குறுக்கே சாத்தப்பட்ட ஆறு கதிர்க்கட்டுகள். பார்லி எனப்படும் வாற்கோதுமையின் பொற்கதிர்கள். கேடயத்தின் உச்சியிலே, இடுப்பளவு உருவமாகக் கரிய மேனியும் பொன்னிறக் கூந்தலும் கொண்ட ஒரு பெண் நிற்கிறாள். விரித்த கைகள் இரண்டிலும் மும்மூன்று கதிர்கள்.

இது இலண்டன் மாநகரத்து மது வடிப்போர் கழகத்தின் சின்னம். 1543-ஆம் ஆண்டில் அவர்கட்கு வழங்கப்பட்டது; இன்றும் அதுவே அவர்களுடைய சின்னம். பீப்பாய் அங்கே இருப்பதன் காரணம் விளங்குகிறது. மது வடிப்போர்க்குப் பீப்பாய் வேண்டும். கதிர் இருப்பதன் காரணமும் விளங்குகிறது. வாற்கோதுமையின்றி அவர்கள் தொழில் இல்லை. ஆனால் அந்தக் கரிய நிறப் பெண் யார்? தேம்சு நதிக்கரையிலே தொழில் நடத்திய வெள்ளை நிற வணிகர்கள், தங்கள் தலைக்கு மேலே ஒரு மூரினப் பெண்ணைத் தூக்கி வைத்தது ஏன்?

இந்த வினாவைப் பற்றிக்கொண்டு சென்றால், ஒரு புனிதரின் வீழ்ச்சியையும், ஓர் அரசனின் பேராசையையும், பழைய கழகமொன்று தன் முகத்தை மாற்றிக்கொண்ட கதையையும் காணலாம். கள்ளுக்கு இடம் தரலாகாதென்று தம் தோப்புத் தென்னைகளையே வெட்டி வீழ்த்திய பெரியாரின் வழிவந்த இளைஞர்கட்கு, மது வடிப்போர் வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நாம் அவர்கள் பானத்தைப் போற்ற வரவில்லை. பழைமையான அமைப்பொன்று புதுக்கோலம் பூணும்போது எது மாறுகிறது, எது மாறாமல் பதுங்குகிறது என்பதை அறிய, இதைவிடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது.

இடைக்கால இலண்டனிலே ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு கழகம் இருந்தது. மீன் விற்போர், துணி விற்போர், பொற்கொல்லர், மெழுகுவர்த்தி செய்வோர், சேணம் தைப்போர் எனத் தொழில் தோறும் மக்கள் ஒன்றுகூடினர். தரத்தைக் காப்பது, அளவைக் கண்காணிப்பது, பயிலுநரைச் சேர்த்துக்கொள்வது, உறுப்பினர் இறந்தால் அடக்கம் செய்வது, கைம்பெண்ணுக்கு உதவுவது ஆகிய அத்தனையும் கழகத்தின் கடமைகள். கழகத்தைச் சேராதவன் தொழில் நடத்தாதபடி வாயிலை அடைத்து வைப்பதும் அவற்றுள் ஒன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை. மது வடிப்போர் கழகம் 13-ஆம் நூற்றாண்டிலேயே இயங்கியது. 1438-இல் ஆறாம் ஹென்றி மன்னர் அதற்கு அரச பட்டயம் அளித்தார். இலண்டன் கழகங்களின் வரிசையில் அதற்குப் பதினான்காம் இடம்.

அக்காலத்து மக்கள் நாள்தோறும் அருந்திய பானம் வாற்கோதுமை மது. அரண்மனையிலும் குடிசையிலும் அது உணவின் பகுதி. ஆதலின் மது வடிப்போர் நகரத்தில் எளிய கூட்டத்தினரல்லர். இருந்தும், தொழிலின் பயன் மட்டும் பெருமை தாராது, அதற்கொரு புனிதரின் காப்பும் வேண்டும் என்று கருதிய காலம் அது. மீன் விற்போர்க்குப் புனித பீட்டர். பொற்கொல்லர்க்குப் புனித டன்ஸ்டன். துணி விற்போர்க்குக் கன்னி மேரி. மது வடிப்போர் பற்றிக்கொண்டது கான்டர்பரி தலைமைப் பேராயர் தாமசு பெக்கட்டை.

யார் இந்தத் தாமசு? இலண்டன் நகரத்து வணிகரின் மகன். இரண்டாம் ஹென்றி மன்னரின் நண்பராய், அமைச்சராய் உயர்ந்தவர். 1158-இல் மன்னரின் தூதராகப் பிரான்சுக்குச் சென்றபோது, இரும்பு வளையமிட்ட பீப்பாய்களிலே வாற்கோதுமை மதுவை நிரப்பி, இரண்டு வண்டிகளில் ஏற்றிச் சென்றார் என்று அவரிடம் பணியாற்றியவர் எழுதிய வரலாறு கூறுகிறது. 1162-இல் மன்னரே அவரைத் தலைமைப் பேராயராக்கினார். அன்றே பிளவும் தொடங்கிற்று.

பிளவுக்குக் காரணம் என்ன? குற்றம் புரிந்த குருமாரை விசாரிப்பது யார் என்பதே. கொலை புரிந்தவன் குடியானவனாயின், மன்னரின் நீதிமன்றம் அவனைத் தூக்கிலிடும். கொலை புரிந்தவன் குருவாயின், திருச்சபையின் மன்றம் அவனை விசாரிக்கும்; அங்கே உயிர்த் தண்டனை இல்லை. இந்த வேற்றுமையை ஒடுக்க 1164-இல் கிளாரண்டனில் மன்னர் விதிகள் வகுத்தார். தாமசு எதிர்த்தார். ஒரே குற்றம், இரண்டு நீதி! வருணத்திற்கொரு தண்டனை வகுத்த நூலை அறிந்த நமக்கு இது புதுமையன்று. மன்னரும் மக்களுக்காக மட்டும் வாதாடினார் என்று எண்ணிவிடக் கூடாது. தம் அதிகாரத்தை விரிப்பது அவர் நோக்கம். ஆயினும் அன்று தாமசு காத்து நின்றது குருமாரின் தனிச் சலுகையையே.

1170-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் நாள், மன்னரின் வீரர்கள் நால்வர் கான்டர்பரி தேவாலயத்துக்குள்ளேயே தாமசை வெட்டி வீழ்த்தினர். அந்தக் கொலையை எவரும் நியாயப்படுத்த இயலாது. ஆனால் கொலைக்குப் பின் நடந்தது, கொலையினும் நீண்ட கதை. 1173-இல் போப் அவரைப் புனிதராக அறிவித்தார். மறு ஆண்டு மன்னரே வெறுங்காலுடன் கல்லறைக்கு நடந்து சென்று கசையடி பெற்றார். தாமசின் குருதி கலந்தது என்று கூறி நீர் விற்கப்பட்டது. அதை ஈயக் குப்பிகளில் அடைத்துக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு நோயாளிகள் வீடு திரும்பினர். கல்லறை பொன்னாலும் மணியாலும் இழைக்கப்பட்டது. மூன்றரை நூற்றாண்டுக் காலம் மக்கள் சாரி சாரியாக நடந்தனர். சாசர் என்னும் கவிஞர் தம் கதைகளைச் சொல்ல ஒரு கூட்டத்தைத் திரட்டியதும் அந்த யாத்திரை வழியிலேதான்.

இத்தகையவரைத்தான் மது வடிப்போர் தங்கள் காவலராகக் கொண்டனர். 1468-இல் முதன்முதலாகக் கேடயச் சின்னம் பெற்றனர். நீல நிறத் தளம், மூன்று வாற்கோதுமைக் கட்டுகள், செந்நிறப் பட்டை, அதில் மூன்று வெள்ளிப் பீப்பாய்கள். ஆனால் அதைத் தனித்து வழங்கினாரல்லர். கேடயத்தை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் தங்கள் கதிரையும் பீப்பாயையும், மறு பாதியில் தாமசு பெக்கட்டின் சின்னத்தையும் தாங்கினர். தாமசுக்கு உரியது என்று பிற்காலத்தார் கற்பித்த சின்னம், சிவந்த அலகு கொண்ட மூன்று கரும்பறவைகள். அந்தப் பறவைக்கு வழங்கிய பழைய பெயரும் தாமசின் குடிப்பெயரும் ஒத்து ஒலித்தமையால் எழுந்தது அது என்பர். உயிரோடு இருந்தபோது அவர் அதைத் தாங்கியதற்குச் சான்று இல்லை. புனிதருக்குப் பொய்ச்சின்னம் சூட்டி, அந்தச் சின்னத்தின் நிழலிலே ஓர் உழைப்பாளர் கழகம் ஒதுங்கிற்று!

அடுத்து வருகிறது புயல்.

எட்டாம் ஹென்றி மன்னர் 1520-இல் தாமசின் கல்லறைக்குச் சென்று வணங்கியவர்தாம். மறு ஆண்டு, லூதரை மறுத்து நூல் எழுதியமைக்காகப் போப்பிடமிருந்து சமயக் காவலர் என்னும் பட்டமும் பெற்றார். ஆனால் மணவிலக்கு வேண்டும் என்றார், போப் மறுத்தார், 1534-இல் இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தாமே தலைவர் என்று சட்டம் செய்துகொண்டார். மடங்கள் கலைக்கப்பட்டன, அவற்றின் நிலமும் பொன்னும் அரசுக்குப் போயின. 1538-இல் தாமசின் கல்லறை இடிக்கப்பட்டது. பொன்னும் மணியும் அரசனின் கருவூலம் சேர்ந்தன. அவ்வாண்டு நவம்பரில் அரசாணை பிறந்தது: தாமசு பெக்கட் புனிதரல்லர்; அரசனை எதிர்த்த கலகக்காரர்; அவர் படங்களும் உருவங்களும் நாடெங்கும் நீக்கப்படல் வேண்டும்; அவர் திருநாள் கொண்டாடப்படலாகாது; வழிபாட்டு நூல்களில் அவர் பெயர் அழிக்கப்படல் வேண்டும்.

ஏடுகளில் அவர் பெயர் மீது மை பூசினர். இலண்டன் நகரத்தின் பொது முத்திரைக்கும் ஆபத்து வந்தது. அந்த முத்திரையின் ஒரு புறத்தில் புனித பால். மறு புறத்தில் தாமசு. 1539-இல் நகர மன்றம் தாமசு இருந்த புறத்தை நீக்கி, அந்த இடத்தில் நகரத்தின் கேடயச் சின்னத்தைப் பொறிக்க ஆணையிட்டது. புனித பாலை எவரும் தொடவில்லை.

மது வடிப்போர் என் செய்வர்? அவர்களுடைய கேடயத்தின் சரிபாதி கலகக்காரருடையது! 1530 முதலே சின்ன அதிகாரிகள் நாடு முழுதும் சுற்றி, முறையற்ற சின்னங்களை நீக்கும் அதிகாரம் பெற்றிருந்தனர். கழகம் வாளாவிருக்க இயலவில்லை. 1543-இல் புதிய சின்னம் வழங்கப்பட்டது. தாமசின் பாதி அகற்றப்பட்டது. நீலத்தளம் சிவந்த தளமாயிற்று. மூன்று கட்டுகள் ஆறாயின. பீப்பாய்கள் நின்றன. பார்ப்பதற்கு இது பகுத்தறிவின் வெற்றி போலவே தோன்றும். புனிதர் போனார், தொழில் நின்றது. பறவை பறந்தது, பார்லி தழைத்தது.

ஆனால் நிமிர்ந்து உச்சியைப் பாருங்கள். அங்கே நிற்கிறாள் அந்தக் கரிய நிறப் பெண்!

அவள் கதை இது. தாமசின் தந்தை கில்பர்ட்டு சிலுவைப் போருக்குச் சென்றார், சிறைப்பட்டார், அவரைச் சிறை வைத்த அமீரின் மகள் அவர்மீது காதல் கொண்டாள், அவர் தப்பி ஓடிய பின், அவரைத் தேடிக் கடல் கடந்தாள், அவளறிந்த ஆங்கிலச் சொற்கள் இரண்டே, ஊரின் பெயரும் காதலனின் பெயரும், இலண்டன் தெருக்களில் அந்தப் பெயரைக் கூவித் திரிந்தவளைக் கில்பர்ட்டு கண்டு, மதம் மாற்றி மணந்தார், அவர்கட்குப் பிறந்தவர் தாமசு. கேட்பதற்கு இனிய கதை. உண்மை? தாமசின் தந்தையும் நார்மண்டி வழியினர்; தாயும் நார்மண்டி வழியினர். அமீரும் இல்லை, அமீரின் மகளும் இல்லை. தாமசு இறந்து நெடுங்காலம் சென்ற பின், பக்தர் கூட்டம் புனைந்து சேர்த்த கதை இது.

அந்தக் கட்டுக்கதையின் தாயைத்தான் மது வடிப்போரின் கேடயத்துக்கு முடிச்சின்னமாக வைத்தனர் என்பது வழிவழி வரும் விளக்கம். அரசாணை மகனை நீக்கச் சொல்லிற்று, நீக்கினர். தாயை நீக்கச் சொல்லவில்லை, ஏற்றினர். வாயில் வழியே வெளியேறிய புனிதர், கூரை வழியே தாயின் உருவில் உள்ளே வந்துவிட்டார். எட்டாம் ஹென்றியின் அதிகாரிகள் கண்டிலரோ, கண்டும் காணாதிருந்தனரோ!

இதை ஒரு வேடிக்கையென்று சொல்லிக் கடந்து போகலாம். அரசனின் கொடுமைக்கு அஞ்சாமல், எளிய வணிகர் காட்டிய துணிவு என்று பாராட்டுவோரும் உண்டு. நாம் வேறொன்றைக் காண்கிறோம். மேலிருந்து வந்த ஆணைக்கு அஞ்சிச் சின்னம் மாறிற்று, சிந்தை மாறவில்லை. ஏன் மாறும்? தாமசைப் புனிதராக்கிய நம்பிக்கையை எவர் கேள்வி கேட்டார்? இறந்தவரின் எலும்பு நோய் தீர்க்குமா, குருதி கலந்த நீர் குருட்டுக் கண்ணைத் திறக்குமா, குருவுக்கு ஒரு நீதி குடியானவனுக்கு ஒரு நீதி என்பது அறமா என்னும் வினாக்களை முன்னிறுத்தி, மக்களோடு வாதிட்டு, மனத்தைத் திருத்தி, அதன் பின் அந்தச் சின்னம் நீக்கப்பட்டிருந்தால், அது அறிவின் வெற்றி. நடந்தது அதுவன்று.

இதை நிறுவச் சான்றும் இருக்கிறது. மீன் விற்போரின் கேடயத்தில் புனித பீட்டரின் சாவிகள் குறுக்காகக் கிடந்தன; அவை நீக்கப்படவில்லை. துணி விற்போர் 1439-இல் பெற்ற சின்னத்தில் கன்னி மேரியைக் குறிக்கும் மும்முடிகள் இருந்தன, அவையும் நின்றன. மெழுகுவர்த்தி செய்வோரின் சின்னத்தில் திருமுழுக்கு யோவானின் வெட்டுண்ட தலை தட்டிலே கிடந்தது, அதற்கும் கேடில்லை. நகர முத்திரையில் பால் நிலைத்தார். தாமசு மட்டும் துடைத்தழிக்கப்பட்டது ஏன்? பீட்டரும் மேரியும் யோவானும் இங்கிலாந்து அரசனை எதிர்த்தாரல்லர். தாமசு எதிர்த்தார், எதிர்த்து, இறந்து, வென்றார். அரசனுக்கு அடங்காத ஒரு குருவின் படம், அரசனே திருச்சபைத் தலைவனாகிய நாட்டில் இருக்கலாமா? அரசன் மூடநம்பிக்கையை வெட்டவில்லை. போட்டி அதிகாரத்தை வெட்டினான். அதனால்தான் மற்றப் புனிதர்கள் தத்தம் கேடயங்களில் சுகமாய் வீற்றிருந்தனர்.

புதிய சின்னத்தில் பெண்ணை உச்சியில் வைத்தனரே, அந்தக் கழகத்தில் பெண்களின் நிலை என்ன என்று கேட்டால், கதை இன்னும் கசக்கிறது. மது வடித்தல் நெடுங்காலம் பெண்களின் தொழில். வீட்டு அடுப்பிலே வடித்து, வீட்டுக்குப் போக எஞ்சியதை அண்டை அயலாருக்கு விற்றனர் பெண்கள். 15-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் இந்தக் கழகத்துக்குச் சந்தா செலுத்தியோர் பட்டியலிலே பெண்களின் பெயர்கள் ஏராளம். கணவனோடு சேர்ந்தும் செலுத்தினர், தனித்தும் செலுத்தினர். ஆனால் பதவி எதுவும் அவர்கட்கு இல்லை. பின்னர் ஹாப்ஸ் என்னும் பூவைச் சேர்த்து வடிக்கும் பீர், கடலுக்கப்பாலிருந்து வந்து பரவிற்று. பழைய மது சில நாளில் புளித்துவிடும். பீர் நெடுநாள் கெடாது. கெடாத பொருளைப் பெருமளவில் வடிக்கலாம், தொலைவுக்கு அனுப்பலாம். அதற்குப் பெரிய கொப்பரை வேண்டும், முதல் வேண்டும், கடன் வேண்டும். முதலும் கடனும் ஆண்கள் கையில். பெண்கள் மெல்ல மெல்லத் தொழிலை விட்டுத் தள்ளப்பட்டனர். கூலி வேலைக்கும் சில்லறை விற்பனைக்கும் ஒதுக்கப்பட்டனர்.

இந்த வெளியேற்றம் நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் கேடயத்தின் உச்சியிலே ஒரு பெண் ஏற்றப்பட்டாள்! கற்பனைப் பெண்ணுக்கு முடிச்சின்னம்; உழைத்த பெண்ணுக்கு வாயிற்படி. அவள் மேனியின் நிறத்தை எண்ணினாலும் இதே முரண். சின்னம் வழங்கிய 1543-க்குப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1562-இல், ஜான் ஹாக்கின்ஸ் என்னும் ஆங்கிலேயர் ஆப்பிரிக்க மக்களைக் கப்பலில் ஏற்றி அடிமைகளாக விற்கப் புறப்பட்டார். படத்தில் கருமை அழகு. சந்தையில் கருமை சரக்கு. பெண்ணைச் சக்தி என்று பாடிவிட்டு, அவளுக்குச் சொத்தில்லை என்று சட்டம் பேசிய நாட்டில் பிறந்த நாம், இந்த வித்தையை எளிதில் அறிந்துகொள்வோம். உருவத்தை உயர்த்துவது, உரிமையைக் கொடுக்காதிருப்பதற்கு நல்லதொரு மூடுதிரை.

அப்படியானால், இந்தக் கழகத்தின் வரலாற்றில் உண்மையான புத்துயிர் என்று சொல்லத்தக்க மாற்றம் ஒன்றும் இல்லையா? உண்டு. அது கேடயத்தில் இல்லை, கணக்கேட்டில் இருக்கிறது.

1066-இல் நார்மண்டியர் இங்கிலாந்தை வென்றனர். அதன் பின் அரசவையில் பிரெஞ்சு; தேவாலயத்தில் இலத்தீன்; வயலிலும் தெருவிலும் மட்டும் ஆங்கிலம். வழக்கு நடப்பது மக்களைப் பற்றி. வழக்கின் மொழி மக்களுக்குப் புரியாதது. 1362-இல் நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினர்! ஐந்தாம் ஹென்றி மன்னர் தம் ஆட்சியின் பிற்பகுதியில் கடிதங்களை ஆங்கிலத்தில் எழுதுவிக்கத் தொடங்கினார்.

1422-ஆம் ஆண்டில் மது வடிப்போர் கழகம் ஒரு முடிவு செய்தது. அப்போது அதன் எழுத்தர் வில்லியம் போர்லண்டு. முடிவு இது: இனிக் கழகத்தின் நடவடிக்கைகள் தாய்மொழியாகிய ஆங்கிலத்தில் எழுதப்படும். காரணமும் பதிவு செய்தனர். மன்னரே தாய்மொழியைக் கையாள்கிறார். நம் தொழிலாளருள் பலர் ஆங்கிலம் எழுதவும் படிக்கவும் அறிவர். இலத்தீனும் பிரெஞ்சும் அவர்கட்கு விளங்கா. எத்தனை எளிய காரணம்! எத்தனை பெரிய காரணம்! கழகத்தின் ஏடு கழகத்தாருக்குப் புரிய வேண்டும்.

மன்னரின் முன்மாதிரி அவர்கட்குத் துணிவு தந்திருக்கலாம். மன்னரின் ஆணை எதுவும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. எந்த அதிகாரியும் வந்து மிரட்டவில்லை. கலக்கத்தில் பிறந்ததன்று அந்த முடிவு. தேவையை உணர்ந்து பிறந்தது. அந்நாள் வரை, சந்தா எவ்வளவு வந்தது, எவருக்கு எவ்வளவு தண்டம், விருந்துக்கு என்ன செலவு என்பனவற்றை அறிய, உறுப்பினர் எழுத்தரின் முகத்தைப் பார்க்க வேண்டும். அதன் பின் ஏட்டைப் பார்த்தால் போதும். இலத்தீன் அறிந்தவன் இடைத்தரகன். இடைத்தரகன் இருக்குமிடத்தில் சுரண்டல் இருக்கும். தாய்மொழி ஏடு அந்தத் தரகனின் வேலையைக் குறைத்தது.

இதனால் கழகத்தார் உத்தமராகிவிட்டனர் என்று நாம் கூறவில்லை. அதே காலத்தில்தான், இலண்டனின் மேயராயிருந்த ரிச்சர்டு விட்டிங்டன், இவர்கள் தானியத்தை முன்கூட்டியே வளைத்து வாங்கி விலையை ஏற்றினர் என்றும், கொழுத்த அன்னப் பறவைகளை அறுத்து விருந்துண்டனர் என்றும் குற்றஞ்சாட்டித் தண்டம் விதிக்கச் செய்தார். அந்த வழக்கின் செய்தியையும் கழகத்தின் ஏடே நமக்குச் சொல்கிறது. தங்கள் மீது வந்த பழியையும் ஏட்டிலே ஏற்றி வைத்தனர். பெண்கள் சந்தா செலுத்தினர், பதவி பெறவில்லை என்பதை நாம் அறிவதும் அந்த ஏடுகளால்தான். கேடயம் கழகத்தின் கனவைச் சொல்கிறது. கணக்கேடு கழகத்தின் நடப்பைச் சொல்கிறது.

1422-இல் நடந்ததையும் 1543-இல் நடந்ததையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று உள்ளிருந்து எழுந்தது. மற்றொன்று மேலிருந்து விழுந்தது. ஒன்று உறுப்பினரின் அறியாமையைக் குறைத்தது; மற்றொன்று அரசனின் ஐயத்தைக் குறைத்தது. ஒன்றைக் கண்ணால் காண இயலாது, பயனால் அறியலாம். மற்றொன்றைக் கண்ணால் காணலாம், பயனைத் தேட வேண்டும். புதுப்பித்தல் என்றதும் உலகம் கேடயத்தைத்தான் பார்க்கிறது. ஏடு அலமாரியில் உறங்குகிறது.

கழகத்தின் மண்டபம் 1666-இல் இலண்டன் பெருந்தீயில் எரிந்தது, மீண்டும் கட்டினர். 1940-இல் ஜெர்மானியர் வீசிய குண்டுகளால் அழிந்தது, மீண்டும் கட்டினர். பழைய ஏடுகள் தப்பின. சின்னமும் நிலைத்தது. 1597-இல் ரிச்சர்டு பிளாட்டு என்னும் மது வடிப்பவர் ஆல்டன்காமில் தொடங்கிய பள்ளியும், 1613-இல் ஆலிசு ஓவன் அம்மையார் இசுலிங்டனில் தொடங்கிய பள்ளியும் இந்தக் கழகத்தின் பொறுப்பில் விடப்பட்டன. ஆலிசு அம்மையார், மது வடிப்பவர் ஒருவரின் கைம்பெண்ணாயிருந்தவர். கழகத்தில் பெண்ணுக்குப் பதவி இல்லாத காலத்தில், ஒரு பெண் அந்தக் கழகத்தை நம்பித் தம் செல்வத்தைக் கல்விக்கு ஒப்படைத்தார். உச்சியில் நிற்கும் கற்பனைத் தாயை விட, இந்த உண்மைப் பெண்ணுக்கே அந்தக் கேடயம் கடன்பட்டிருக்கிறது என்று நாம் சொன்னால் மிகையாகுமோ?

சின்னமே வேண்டா என்பது நம் வாதமன்று. எழுத்தறியாத மக்களும் தங்கள் கூட்டத்தை அடையாளம் காண ஒரு கொடி வேண்டும், ஒரு குறி வேண்டும். கதிரும் பீப்பாயும் நல்ல குறிகள்; உழைப்பைக் காட்டுகின்றன, எவரையும் இழிவு செய்யவில்லை. புனிதரின் பறவைகள் இருந்த பாதி போய், முழுக் கேடயமும் தொழிலுக்கே உரியதாயிற்றே, அதை நாம் வரவேற்கிறோம். ஆனால் அந்த நற்செயல் அரைச்செயலாய் நின்றது. ஏனெனில் அதன் காரணத்தை எவரும் கழகத்தாரிடம் எடுத்துரைக்கவில்லை. காரணம் அறியாமல் கழற்றியதை, மனிதன் வேறு வடிவில் மீண்டும் மாட்டிக்கொள்வான். மகன் போனால் தாய் வருவாள். சிலை போனால் படம் வரும். படம் போனால் கதை வரும்.

இளைஞர்களே! பழைய அமைப்புகளில் நீங்கள் நுழைவீர்கள். வணிகர் சங்கம், கைவினைஞர் கூட்டுறவு, ஆசிரியர் அமைப்பு, வாசக சாலை என்று பலவற்றின் பொறுப்பு உங்கள் கைக்கு வரும். முதல் வேலையாகப் பெயர்ப்பலகையையும் முத்திரையையும் மாற்றலாம் என்று தோன்றும். மாற்றுங்கள். பழைய மூடத்தனத்தைத் தாங்கி நிற்கும் சின்னமானால் கட்டாயம் மாற்றுங்கள். ஆனால் வண்ணம் தீட்டுபவரை அழைக்குமுன் உறுப்பினரை அழையுங்கள். இந்தச் சின்னம் ஏன் வந்தது, இது சொல்லும் கதை மெய்யா பொய்யா, இதனால் உயர்ந்தவர் யார், தாழ்ந்தவர் யார் என்று அவர்களோடு பேசுங்கள். பேசி முடித்த பின், அலமாரியைத் திறந்து கணக்கேட்டை எடுங்கள். அது உறுப்பினர் அனைவருக்கும் விளங்கும் மொழியில் இருக்கிறதா? சந்தா செலுத்தும் பெண்ணின் பெயர் நிர்வாகிகள் பட்டியலில் இருக்கிறதா? வாயில் எவர்க்கேனும் அடைக்கப்பட்டிருக்கிறதா?

இந்த வினாக்களுக்கு நல்ல விடை கிடைக்கும் அமைப்புக்கு எந்தச் சின்னமும் அழகு தரும். கிடைக்காத அமைப்புக்கு, இலண்டன் நகரத்துச் சின்ன அதிகாரியே நேரில் வந்து தீட்டினாலும், அது சுவரில் தொங்கும் படமே.